மதுரையிலிருந்து கடல் கடந்த பயணம்: தொலைவும் நேரமும்

மதுரை விமான நிலையத்திற்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,010 கிலோமீட்டர். மதுரையிலிருந்து துபாய் விமான நிலையம் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என எதிரெதிர்த் திசைகளில் அமைந்த இவ்விரு நகரங்களும் மதுரையிலிருந்து ஏறக்குறைய சம தொலைவில் உள்ளன. நேரடி விமானத்தில் இரண்டுக்கும் சுமார் நான்கு மணி நேரமே ஆகும். மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்ந்த மக்கள் தொழிலுக்காகவும் வணிகத்திற்காகவும் மிகுதியாகச் சென்று வரும் ஊர்களில் இவை முதன்மையானவை.

இந்தத் தொலைவு என்றும் மாறாதது. ஆனால் அதைக் கடக்க ஆகும் நேரம் கடந்த 150 ஆண்டுகளில் வாரக்கணக்கிலிருந்து மணிக்கணக்காகக் குறைந்துள்ளது. இக்குறைவு ஒரே சீராக நிகழவில்லை. தொடர்வண்டி, நீராவிக் கப்பல், விமானம் ஆகியவற்றின் வேகத்தைப் போலவே துறைமுகங்களின் இருப்பிடமும், நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களும், ஓடுபாதையின் நீளமும் பயண நேரத்தைத் தீர்மானித்துள்ளன.

தொடர்வண்டிக்கு முந்தைய காலம்

மதுரை கடற்கரையில் அமைந்த நகரன்று. எனவே இங்கிருந்து கடல் கடந்து செல்வோர் முதலில் நிலவழியே துறைமுகத்தை அடைய வேண்டியிருந்தது. அக்காலத்தில் தொலைவு காதக் கணக்கிலும் நாள் நடைக் கணக்கிலும் சொல்லப்பட்டது. ஒரே வழியானாலும் மழைக்காலத்தில் ஒரு கணக்கும் கோடையில் வேறொரு கணக்கும் இருந்தன.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மதுரை, திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் இராமநாதபுரம் சீமையிலிருந்தும் தொழிலாளர்கள் அங்குச் சென்றனர். அவர்கள் இராமநாதபுரம் கடற்கரை வரை நடந்து, படகில் மன்னாரை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளை வரை மீண்டும் நடந்தனர். வழியில் காலரா, அம்மை போன்ற நோய்களாலும் பசியாலும் பலர் இறந்தனர். இன்று மதுரையிலிருந்து கொழும்பு பண்டாரநாயக்க விமான நிலையத்திற்கு உள்ள வான்வழித் தொலைவு சுமார் 355 கிலோமீட்டர் மட்டுமே. பறப்பு நேரம் ஒரு மணி அளவில் முடிகிறது.

தொடர்வண்டியும் கப்பலும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குத் தொடர்வண்டிப் பாதை 1875இல் வந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அப்பாதை தூத்துக்குடி வரை நீண்டது. தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு செல்லும் வழி இதனால் எளிதாயிற்று. மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான பாதை 1902இல் அமைந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை தொடர்வண்டி ஓடியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின் கொழும்புக்குத் தொடர்வண்டி என ஒரே பயணச்சீட்டில் செல்லும் ‘போட் மெயில்’ சேவை உருவானது. நடந்து சென்றபோது பல நாள்கள் பிடித்த வழி இப்போது ஓரிரவுப் பயணமாகச் சுருங்கியது.

இவ்வழி 1964 டிசம்பரில் வீசிய புயலில் சிதைந்தது. தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் சேவை இராமேசுவரத்திலிருந்து நடைபெற்றது. இலங்கை இனப்போர் தீவிரமடைந்த 1980களில் அதுவும் நின்றது. இதனால் மதுரையிலிருந்து கொழும்புக்கான பயணம், நூறாண்டுக்கு முன்பு இருந்ததைவிட நீண்டதாயிற்று. தெற்கே உள்ள ஊருக்குச் செல்ல முதலில் வடக்கே சென்னைக்கோ, திருச்சிராப்பள்ளிக்கோ, அல்லது மேற்கே திருவனந்தபுரத்திற்கோ சென்று விமானம் ஏற வேண்டியிருந்தது.

மலாயா, சிங்கப்பூர் செல்வோர் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களைப் பயன்படுத்தினர். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூரை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல் இத்தடத்தில் பல பத்தாண்டுகள் ஓடி 1973இல் ஓய்வுபெற்றது. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மூத்த தலைமுறையினர் பலரின் குடும்ப வரலாற்றில் இக்கப்பலின் பெயர் இடம்பெற்றுள்ளது. பின்னர் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் தீப்பற்றியது. பயணிகள் பலர் உயிரிழந்தனர். அத்துடன் இத்தடத்தின் வழக்கமான பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிவுக்கு வந்தது.

வான்வழியின் வருகை

இந்தியாவில் டாட்டா நிறுவனத்தின் வான்வழித் தபால் சேவை 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தொடங்கியது. அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகத் தபால் சென்னையை அடைந்தது. 1938இல் இச்சேவை கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டது. அக்கால விமானங்கள் குறைந்த தொலைவே பறக்கக்கூடியவை. எரிபொருள் நிரப்பவும் இரவில் தங்கவும் அவை அடிக்கடி இறங்கின. எனவே வானில் கழிந்த நேரத்தைவிடத் தரையில் கழிந்த நேரம் பயணத்தை நீட்டித்தது. இந்த இயல்பு வேறொரு வடிவில் இன்றும் தொடர்கிறது.

மதுரையின் விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் வான்படையின் தேவைக்காகப் பயன்பட்டது. நகரின் தெற்கே, பெருங்குடியை ஒட்டிய சமவெளி அதற்கு ஏற்றதாக இருந்தது. வடக்கிலும் மேற்கிலும் யானைமலை, நாகமலை போன்ற குன்றுகள் இருப்பினும், தெற்குப் பகுதி கண்மாய்களும் வயல்களும் நிறைந்த தட்டையான நிலம். ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது.

1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டு, உள்நாட்டுச் சேவை இந்தியன் ஏர்லைன்சு நிறுவனத்திடம் வந்தது. டகோட்டா, ஃபாக்கர் பிரண்ட்ஷிப், அவ்ரோ போன்ற சிறிய விமானங்கள் அக்காலத்தின் குறுந்தொலைவுத் தடங்களில் இயங்கின. டகோட்டாவின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவு. ஃபாக்கர் மணிக்குச் சுமார் 450 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. இன்றைய ஜெட் விமானங்கள் மணிக்கு 800 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கின்றன.

குறுகிய தொலைவும் ஆபத்தற்றதன்று என்பதை 1971 டிசம்பர் 9 அன்று நிகழ்ந்த விபத்து காட்டியது. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த அவ்ரோ விமானம், தரையிறங்குவதற்கு முன் சின்னமனூர் அருகே மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதியது. 21 பேர் உயிரிழந்தனர். வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும் இவ்வழி உண்மையில் உயர்ந்த மலைத்தொடரைக் கடந்து வருவதாகும். தடத்தில் உள்ள மலைகளின் உயரம், விமானம் எந்த இடத்திற்குப் பின் கீழிறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

தொலைவு கணக்கிடப்படும் முறை

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவு ‘பெருவட்டத் தொலைவு’ என்ற முறையில் கணக்கிடப்படுகிறது. புவியின் மையம் வழியாகச் செல்லும் ஒரு தளம் புவியின் மேற்பரப்பை வெட்டும்போது உண்டாகும் வட்டம் பெருவட்டம் எனப்படும். உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி இவ்வட்டத்தின் ஒரு பகுதியே.

இதைக் கணக்கிட, இரு நிலையங்களின் அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்தால் போதும். மதுரை விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு 9.83 பாகை, கிழக்கு 78.09 பாகையில் உள்ளது. சாங்கி விமான நிலையம் வடக்கு 1.36 பாகை, கிழக்கு 103.99 பாகையில் உள்ளது. கோள முக்கோணவியல் வாய்பாட்டின்படி, புவி மையத்திலிருந்து பார்க்கையில் இவ்விரு இடங்களுக்கும் இடையிலான கோணம் சுமார் 27.1 பாகை. புவியின் சராசரி ஆரத்தை 6,371 கிலோமீட்டர் எனக் கொண்டால், ஒரு பாகைக்குரிய வில்லின் நீளம் சுமார் 111.2 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 3,010 கிலோமீட்டர் அளவில் விடை கிடைக்கும். விமானத் துறையில் வழங்கும் கடல் மைல் கணக்கில் (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்) இது ஏறத்தாழ 1,625 ஆகும்.

இம்முறைப்படி மதுரையிலிருந்து சில விமான நிலையங்களின் தோராயத் தொலைவுகள்:

கொழும்பு (பண்டாரநாயக்க): 355 கிலோமீட்டர்
சென்னை: 420 கிலோமீட்டர்
கோலாலம்பூர்: 2,725 கிலோமீட்டர்
துபாய்: 2,950 கிலோமீட்டர்
சிங்கப்பூர் (சாங்கி): 3,010 கிலோமீட்டர்
இலண்டன் (ஹீத்ரோ): 8,360 கிலோமீட்டர்

விமானம் உண்மையில் பறக்கும் தொலைவு இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வகுக்கப்பட்ட வான்தடங்கள், மூடப்பட்ட வான்வெளிகள், புயல் மேகங்கள், தரையிறங்க வரிசையில் காத்திருப்பது ஆகியவை இதற்குக் காரணங்கள்.

நேரம் கணக்கிடப்படும் முறை

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பொது விதி. மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் 3,010 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 38 நிமிடம் ஆகும். ஆனால் விமானம் புறப்பட்டவுடனேயே அவ்வேகத்தை அடைவதில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, கீழிறங்குவது, மீண்டும் நிறுத்துமிடத்திற்கு வருவது ஆகியவற்றுக்குச் சுமார் அரை மணி நேரம் கூடும். எனவே அட்டவணையில் நான்கு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ குறிக்கப்படும்.

காற்றும் நேரத்தை மாற்றுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்றோட்டம் வீசுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றோட்டம் எனப்படும் இதனை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோடீசுவரம். இதன் உச்ச வேகம் பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்திற்கும் மேலே காணப்பட்டாலும், அதன் தாக்கம் கீழேயும் உணரப்படும். எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு நோக்கிய பயணம் சற்று விரைவாகவும், கிழக்கு நோக்கிய பயணம் சற்றுத் தாமதமாகவும் அமையலாம்.

பயணிகளைக் குழப்பும் மற்றொரு செய்தி நேர மண்டலம். சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே உள்ளது. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே உள்ளது. இரவு 11:00 மணிக்கு மதுரையில் புறப்பட்டு 4 மணி 15 நிமிடம் பறக்கும் விமானம், சிங்கப்பூர் நேரப்படி காலை 5:45 மணிக்குச் சேரும். கடிகாரத்தின்படி ஆறே முக்கால் மணி நேரம் கடந்ததாகத் தோன்றும். அதே நேரத்தில் புறப்பட்டு அதே அளவு பறந்து துபாய் செல்லும் விமானம் அந்நாட்டு நேரப்படி அதிகாலை 1:45 மணிக்குச் சேரும். அங்கே கடிகாரம் இரண்டே முக்கால் மணி நேரம் மட்டுமே காட்டும்.

இவ்வேறுபாடும் வரலாற்றில் மாறியே வந்துள்ளது. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதற்கு முன் இந்தியாவுடனான வேறுபாடு இரண்டு மணி நேரமே. இந்தியாவுக்கே பொதுவான நேரம் 1906இல்தான் வந்தது. அதற்கு முன் தொடர்வண்டிகள் சென்னை வானாய்வகத்தின் நேரப்படி ஓடின. மதுரையின் நெட்டாங்கின்படி கணக்கிட்டால், இங்குச் சூரியன் உச்சியைக் கடப்பது இந்தியப் பொது நேரத்தின் நண்பகலுக்குச் சராசரியாக 18 நிமிடம் பின்னரே ஆகும்.

மதுரையின் பன்னாட்டுச் சேவைகள்

மதுரை விமான நிலையத்தின் புதிய ஒருங்கிணைந்த முனையம் 2010இல் திறக்கப்பட்டது. சுங்க வசதி கிடைத்தபின் 2012இல் கொழும்புக்கு முதல் பன்னாட்டுச் சேவை தொடங்கியது. 2013இல் துபாய்க்கும், 2017இல் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் இயங்கத் தொடங்கின. 1980களில் அறுபட்ட மதுரை - கொழும்பு நேர்வழி, கடலுக்குப் பதிலாக வானில் மீண்டும் அமைந்தது.

நேரடிச் சேவையின் பயன் தொலைவுக் கணக்கில் தெளிவாகத் தெரியும். சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். அதாவது மதுரையிலிருந்து துபாய் எவ்வளவு தொலைவோ, சென்னையிலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவே. எனவே சென்னை வழியாகச் செல்லும் மதுரைப் பயணி 420 கிலோமீட்டரைக் கூடுதலாகக் கடந்தும், துபாயை நெருங்கியிருப்பது சுமார் 20 கிலோமீட்டர் மட்டுமே. இந்தக் கூடுதல் தொலைவு வானில் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் முனையம் மாறுதல், பாதுகாப்புச் சோதனை, அடுத்த விமானத்திற்கான காத்திருப்பு ஆகியவை சேர்ந்து பயணத்தைப் பல மணி நேரம் நீட்டிக்கின்றன. ஓரிரு வாரமே விடுப்புப் பெற்று ஊருக்கு வரும் தொழிலாளிக்கு இது ஒரு நாள் இழப்பாகும். குடும்பத்தில் இறப்பு நேர்ந்து விரைந்து வருபவருக்கு, இறுதிச் சடங்கில் கலந்துகொள்ள முடியுமா என்பதே இம்மணி நேரங்களைப் பொறுத்துள்ளது.

ஒப்பந்தங்களும் தொலைவும்

ஒரு நாட்டின் விமான நிறுவனம் மற்றொரு நாட்டின் எந்த நகரத்திற்குப் பறக்கலாம் என்பதை இருநாட்டு விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்கள் வரையறுக்கின்றன. ஒப்பந்தத்தில் அந்நகரின் பெயர் இடம்பெறாவிடில், பயணிகள் எத்தனை பேர் இருந்தாலும் அயல்நாட்டு நிறுவனம் அங்கு விமானம் இயக்க இயலாது.

2003இல் தென்கிழக்காசிய நாடுகளின் விமான நிறுவனங்களுக்கு 18 இந்தியச் சுற்றுலா நகரங்கள் தாராளமாகத் திறந்துவிடப்பட்டன. அப்பட்டியலில் திருச்சிராப்பள்ளி இடம்பெற்றது. மதுரை இடம்பெறவில்லை. சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் திருச்சிராப்பள்ளிக்கு நாள்தோறும் விமானங்களை இயக்கும் நிலை இதனால் உருவாயிற்று. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளுடனான ஒப்பந்தங்களில் மதுரையைச் சேர்க்க வேண்டும் என்று தென்மாவட்ட வணிகர் அமைப்புகளும் மக்கள் பிரதிநிதிகளும் நீண்ட காலமாகக் கோரி வருகின்றனர். இத்தடங்களில் இந்திய நிறுவனங்களே சேவை வழங்கி வந்ததற்கு இதுவே காரணம். இலங்கையுடனான ஏற்பாடு வேறானதால், கொழும்புக்கு இலங்கை நிறுவனமும் விமானம் இயக்கி வருகிறது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். மதுரையிலிருந்து உள்ள தொலைவைவிட இது 30 கிலோமீட்டர் அளவே குறைவு. அதற்காக மதுரைப் பயணி சாலையில் ஏறத்தாழ 135 கிலோமீட்டர் செல்ல வேண்டியுள்ளது. இராமநாதபுரத்திலோ தேனியிலோ இருந்து வருபவருக்கு இச்சாலைப் பயணம் இன்னும் நீளும். புவியியல் அளவில் அருகருகே உள்ள இரு நகரங்கள், பயண நேர அளவில் இவ்வாறு வேறுபடுகின்றன.

ஓடுபாதையும் நிலமும்

மதுரை ஓடுபாதையின் நீளம் 2,285 மீட்டர். போயிங் 737, ஏர்பஸ் 320 வகை விமானங்கள் இதில் இயங்க முடியும். ஆனால் நெடுந்தொலைவு செல்லும் அகன்ற உடல் விமானங்கள் முழு எடையுடன் புறப்பட இது போதாது. எரிபொருள் மிகுந்தால் எடை மிகும். எடை மிகுந்தால் மேலெழும்ப அதிக வேகமும் நீண்ட ஓட்டமும் தேவை. வெப்பம் மிகுந்த நாள்களில் காற்றின் அடர்த்தி குறைவதால் இறக்கைகளின் தூக்குவிசையும் எந்திரத்தின் ஆற்றலும் குறைகின்றன. மதுரையின் கோடைப் பகலில் இது கவனத்தில் கொள்ளவேண்டிய காரணி. ஆகவே ஒரு விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவு நேரடியாகச் செல்லலாம் என்பது அங்குள்ள ஓடுபாதையின் நீளத்தையும் பொறுத்தது.

ஓடுபாதையை நீட்டிக்கும் திட்டத்திற்காக விமான நிலையத்தைச் சுற்றியுள்ள அயன்பாப்பாகுடி, குசவன்குண்டு, பெருங்குடி உள்ளிட்ட ஊர்களில் நிலம் கையகப்படுத்தப்பட்டது. நீட்டிப்புப் பகுதிக்கு அருகே சுற்றுச்சாலை செல்வதால், சாலையை ஓடுபாதையின் அடியில் கொண்டுசெல்வது குறித்தும் நீண்ட விவாதம் நடந்தது. சின்ன உடைப்பு கிராம மக்கள், தங்களை வெளியேற்றும் முன் மாற்று வீட்டுமனையும் முறையான மறுகுடியமர்வும் வழங்க வேண்டும் எனக் கோரி 2024இல் போராடினர். தொலைதூரப் பயணியின் நேரத்தைக் குறைக்கும் ஓடுபாதை, அருகில் வாழும் மக்களின் வீட்டையும் விளைநிலத்தையும் கேட்கிறது. அவர்களில் பெரும்பாலோர் உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் ஆவர். இழப்பீட்டுத் தொகையுடன், ஒரே ஊராகச் சேர்ந்து வாழும் உரிமையும் அவர்களின் கோரிக்கையில் அடங்கியிருந்தது.

முடிவுரை

மதுரையிலிருந்து கடல் கடந்த பயணத்தின் வரலாறு, வேகம் கூடிக்கொண்டே வந்த கதையாக மட்டும் அமையவில்லை. 1914இல் சுருங்கிய கொழும்புப் பயணம் 1964இன் புயலாலும் 1980களின் போராலும் மீண்டும் நீண்டது. 2012இல் அது ஒரு மணி நேரமாகக் குறைந்தது. சிங்கப்பூருக்கு ஒரு வாரக் கப்பல் பயணம் நான்கு மணி நேரமானது. ஆயினும் நேரடி விமானம் இல்லாத நாளில் அதே பயணம் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்கிறது. இரு விமான நிலையங்களின் தொலைவை அகலாங்கும் நெட்டாங்கும் கொண்டு எவரும் கணக்கிட்டுவிடலாம். பயண நேரத்தை அறிய, அவற்றுக்கிடையே உள்ள ஒப்பந்தங்கள், ஓடுபாதைகள், அரசியல் சூழல், அவற்றுக்காக நிலம் தந்த மக்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.